இரண்டாவது கை உப்பு

போட்டுவிட்டாள். நான் கண்ணால் பார்த்தேன். என் மாமியார் அண்டாத் தண்ணீரில் இரண்டாவது முறையும் ஒரு கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். முதல் கை போட்டபோது தண்ணீர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், இன்றைக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, ஞானஸ்நான விருந்து, அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று யாரிடமோ கத்திச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் ஜாடியின் மூடியைத் திறந்தாள், இன்னொரு கை போட்டாள், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், "மாவு தூவு ஜாச்சிந்தா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற" என்றாள். ஜெசி என்கிற நான் அவள் வாயில் ஜாச்சிந்தா. தூவினேன். மம்மா, உப்பு முன்னாடியே போட்டாச்சு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. இப்போதும் சொல்லலாம், மாவு இன்னும் இறுகவில்லை, கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைக்கலாம். சொல்ல மாட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும். போன ஞாயிறு அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கினாளே, அதற்காகவா. உப்பைத் தொட எனக்கு உரிமை இல்லை என்றால் உப்பைப் பற்றிப் பேச மட்டும் எனக்கு என்ன உரிமை. அவள் உப்பு, அவள் அண்டா, வாசலில் தொங்குகிற பலகையில் அவள் பெயர், சாவினா வீட்டுச் சமையல். என் வேலை கிண்டுவது. கிண்டுகிறேன்.

வலப்பக்கமாகத்தான் கிண்ட வேண்டும். இடப்பக்கம் ஒரு சுற்று போனாலும் எங்கிருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். கையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும், முக்கால் மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். பொலெந்தா என்று இங்கே பெரிய பெயர். பெர்கமோவிலிருந்தும் மிலானிலிருந்தும் காரைப் போட்டுக்கொண்டு இந்த மலைமேல் ஏறி வந்து, இதுதான் அசல் நாட்டுச் சாப்பாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். எனக்கு இது மக்காச்சோளக் களி. செப்பு அண்டாவில் களி, பக்கத்தில் ஒயின் ஊற்றி வேகவைத்த முயல் கறி. கல்யாணமான புதிதில் அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். மெர்சி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி ஜெசி, ஜெயில்லதான் களி போடுவாவன்னு கேட்டிருக்கேன். நீ என்னட்டி, கப்பல் ஏறாத குறையா அம்புட்டு தூரம் போயி களி கிண்டுதியே." சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் நர்ஸாகத்தான் வந்தேன், அங்கே தன் தாத்தாவுக்குத் தூக்குவாளியில் இந்தக் களியைக் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தான் லோரிஸ். கிழவருக்கு வாய் துடைத்துவிட்ட விதத்தைப் பார்த்துத்தான் அவனைப் பிடித்துப்போனது. கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபோது யாராவது சொன்னார்களா, மாப்பிள்ளையோடு ஒரு மெஸ்ஸும் சேர்ந்து வருகிறது என்று. மெஸ்தான் இது. நம்ம ஊரில் வீட்டு மெஸ் என்போம், இங்கே திரத்தோரியா. அப்பா கறி வெட்ட, அம்மா சமைக்க, பிள்ளை பரிமாற, கீழே கடை, மேலே வீடு. மாமனார் போய்விட்டார், இப்போது நான் இருக்கிறேன். மருமகள் வந்தால் அடுப்பு கிடைக்கும், துடுப்பு கிடைக்கும், முயல் தோலுரிக்கக் கிடைக்கும், மாவு பிசையக் கிடைக்கும். உப்பு கிடைக்காது. அடுப்புக்கு மேல் பலகையில் இருக்கிற அந்த மண்ஜாடியை இந்த வீட்டின் மூத்த பெண்தான் தொடலாம். சாவினாவுக்கு அவள் மாமியார் செத்த அன்றைக்குத்தான் ஜாடி கைக்கு வந்ததாம், பெருமையாகச் சொல்வாள். அதாவது நான் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். தூத்துக்குடிக்காரியிடம். வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம், வெயிலில் பார்த்தால் கண் கூசும், மழை வந்தால் ஊரே உப்பைப் பற்றித்தான் பேசும். அந்த ஊரில் பிறந்தவளுக்கு உப்புப் போடத் தெரியாதாம்.

போன ஞாயிறு நடந்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் எழுந்தேன். நினைக்காமல் எப்படி இருப்பது, இதே துடுப்பு, இதே அண்டா. அன்றைக்குக் களியில் உப்பே இல்லை. அவள் போட மறந்துவிட்டாள். ஜன்னலோர மேசையிலிருந்து தட்டு திரும்பி வந்தது, ஒரு மேசை இல்லை, மூன்று மேசை. யாராவது மறப்பதுதான், நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவள் என்ன செய்தாள். ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு நடுவில் போய் நின்று, "என் மருமக கிண்டினது. அவங்க ஊர்ல காரம்தான் தெரியும், பாவம்" என்றாள். பாவமாம். எல்லோரும் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. உள்ளே வந்ததும் கேட்டேன், மம்மா, உப்பு நீங்கதானே போடுறீங்க. அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே, ஒரு வாரமாக என் தொண்டையில் நிற்கிறது. "நான் போட்டேன். நீ சரியா கிண்டல. சரியா கிண்டலேன்னா உப்பு அடியில போய் உக்காந்துக்கும்." கரைந்த உப்பு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எங்கள் கடலில் உப்பு அடியிலா உட்கார்ந்திருக்கிறது. சங்கு குளிக்கப் போன என் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தவர், அவர் உடம்பைக் கேளுங்கள். இது வாய் வரை வந்தது, லோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு ஜெசி, அம்மாவப் பத்தி தெரியாதா உனக்கு" என்றான். இந்த வாக்கியத்தை உலகத்தில் உள்ள எல்லாப் புருஷன்களுக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. தூத்துக்குடியில் அக்காவிடம் அத்தான் சொல்வதை இங்கே இத்தாலிய மொழியில் இவன் சொல்கிறான். தெரியும், தெரிந்துதான் எரிகிறது. அதோடு விட்டாளா. இன்னொரு முறை களி கெட்டால் நீ அடுப்பை விட்டு இறங்கி மேசைக்குப் போ, தட்டு எடு, லோரிஸின் சித்தி மகளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். அடுப்பை விட்டு இறங்கு. நர்ஸ் வேலையை விட்டேன், இரவு முழுக்க முழங்கை வலித்தும் மூச்சு விடவில்லை, இந்த அடுப்பு ஒன்றுதான் இந்த நாட்டில் எனக்கென்று இருக்கிற இடம். அதிலிருந்து இறங்க வேண்டும், அவள் மறந்ததற்கு.

அதனால்தான் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொல்லவில்லை, கோபத்தில் இல்லை. கோபத்தில்தான், ஆனால் யோசித்தும். உப்புக் குறைந்தால் கிண்டியவள் மேல் போடலாம், அடியில் உட்கார்ந்துகொண்டது என்று கதை விடலாம். கூடினால் என்ன சொல்வாள். ஜாடியை நான் தொட மாட்டேன் என்று ஊருக்கே தெரியும், அவளே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சட்டமே எனக்குச் சாட்சி. இன்றைக்கு முதல் வாய் உள்ளே போனதும் கூடம் அப்படியே நிற்கும், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், பிறகு உள்ளே பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இறுகிவிட்டது, இனித் தண்ணீரைக் கொட்டவும் முடியாது. கொப்புளம் விட்டு வெடித்து மணிக்கட்டில் ஒரு துளி தெறித்தது, சுட்டது. நக்கினேன். கிண்டுகிறவள் ருசி பார்க்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, என் கையை நானே நக்குவதற்குச் சட்டம் இல்லையே. கரித்தது. சாதாரணமாகக் கரிக்கவில்லை, நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. இதை யாரும் சாப்பிட முடியாது. கூடத்தில் அந்தப் பச்சைக் குழந்தை அழுகிறது, தலையில் தண்ணீர் ஊற்றிய குளிர் இன்னும் விடவில்லை போல. அதன் அம்மா காலையில் வந்து எட்டிப் பார்த்து, எங்கள் கல்யாணச் சாப்பாடும் இங்கேதான் சாப்பிட்டோம், நீங்கள் கிண்டினால் மேகம் மாதிரி இருக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம்தான் சொன்னாள், மாமியாரிடம் இல்லை. அவள் தட்டுக்கும் இதே களிதான் போகும். போகட்டும், நானா போட்டேன். சரி, லோரிஸ் முகம் எப்படி ஆகும். போன மாதம் வழக்கமாக வருகிற இரண்டு மேசைக்காரர்கள் வரவில்லை, அதற்கு முந்தின மாதம் ஒரு குடும்பம் பாதியில் எழுந்து போனது, அப்போது முயலில் உப்பு தூக்கலாக இருந்தது, முயல் சாறு வற்றிவிட்டது என்றாள், வற்றவிட்டது நான் என்றாள். இந்தக் கடையின் பெயர் கெட்டால் மேலே வீட்டில் இருக்கிற நான் மட்டும் எங்கே போவேன். இல்லை, இப்படி யோசித்து யோசித்துத்தான் பதினொரு வருஷம் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். கையை மாற்றிப் பிடி, நிறுத்தாதே. தோள்பட்டை கழன்று விழுகிறது. மனதுக்குள் அவள் இவள் என்று எவ்வளவு திட்டினாலும் வாயில் வருவது மம்மா, மம்மா, மம்மா. என் நாக்குக்கே சொரணை இல்லை.

விளிம்பிலிருந்து களி ஒட்டாமல் கழன்று வந்துவிட்டது. வெந்துவிட்டது. "லோரிஸ்" என்று கூப்பிட்டாள், அவனும் நானுமாக அண்டாவைத் தூக்கிப் பெரிய மரப்பலகையில் கவிழ்த்தோம், மஞ்சளாகக் குவிந்து நடுங்கி நின்றது, ஆவி முகத்தில் அடித்தது. நூலை இரண்டு கையிலும் பிடித்து முதல் துண்டை அறுப்பது அவள், அதை நின்றபடியே தின்று பார்த்து, கொண்டுபோ என்று சொல்வதும் அவள். இதற்காகத்தான் முக்கால் மணி நேரம் கிண்டினேன். அவள் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும். என் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன், அவள் முகத்தையே பார்த்தேன். வாயில் போட்டாள். மென்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கன்னத்துக்குள் நாக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, சாவியைத் தொலைத்தவள் பையைத் துழாவுவது போல. பிறகு அவள் களியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள், என் உதட்டைப் பார்த்தாள். என் முகத்தில் தேடினாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை, நான்தான் கல்லாக வைத்திருந்தேனே. "நல்லாருக்கு" என்றாள். கொண்டுபோ என்றாள். இவளுக்குத் தெரியவில்லை. வெறும் மறதி இல்லை, அலட்சியம் இல்லை, என்மேல் உள்ள வன்மமும் இல்லை, இந்தப் பொம்பளைக்கு நாக்கு செத்துப்போய்விட்டது, மூக்கும்தான். பிப்ரவரியில் அந்தக் காய்ச்சல், பத்து நாள் படுத்தாளே, அதற்குப் பிறகுதான். திரிந்துபோன பாலைக் காப்பியில் ஊற்றிக் குடித்தாள், என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். முயல் அடிப்பிடித்துப் புகைந்தபோது பக்கத்தில் நின்று பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள், என்ன திமிர் என்று நினைத்தேன். நர்ஸ் படிப்பு படித்தவள் நான். எத்தனை கிழவர்களுக்கு இப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னதில்லை. இவளும் சொல்லவில்லை. சொல்லாமல் இத்தனை மாதம் என் முகத்தையும் திரும்பி வந்த தட்டையும் பார்த்துப் பார்த்து உப்புப் போட்டிருக்கிறாள், தப்பினால் என் தலையில் கட்டியிருக்கிறாள். கொதித்தது எனக்கு. முன்பைவிட அதிகமாகக் கொதித்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் என்ன அந்நியமா. அவளும் என் கண்ணில் எதையோ பார்த்துவிட்டாள், ஏனென்றால் வாயில் மிச்சமிருந்ததை மெல்லாமலே விழுங்கினாள். லோரிஸ் பலகையைத் தூக்கிவிட்டான். இதோ போகிறான், கதவு வரை போய்விட்டான், நான் கேட்ட நியாயம் அந்தப் பலகையில் ஆவி பறக்கப் போய்க்கொண்டிருக்கிறது. "கீழ வை" என்றேன். எந்தப் பேய் என் வாயில் வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. "கீழ வை லோரிஸ், கரிக்குது. மம்மா போட்டது தெரியாம நானும் ஒரு கை உப்புப் போட்டுட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன், கோயிலில் காறித் துப்பியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவள் பக்கம் நான் திரும்பவே பயந்தேன். நான் போடவில்லை என்று அவளுக்குத் தெரியும், பதினொரு வருஷத்தில் நான் ஜாடியைத் தொட்டதில்லை, போன் பேசப் போன அந்த ஒரு நிமிஷம் தவிர அவள் கண்முன்னால்தானே நின்றேன். ஏதாவது மெல்லச் சொல்வாள் என்று நினைத்தேன். முட்டாள் நான். "யாரைக் கேட்டுத் தொட்ட" என்று ஆரம்பித்தாள். பேருக்குத் திட்டியிருக்கலாம், அரைத் தொண்டையில் திட்டியிருக்கலாம், இல்லை, கூடத்தில் கடைசி மேசைக்குக் கேட்கும்படி முழுத் தொண்டையில் திட்டினாள். இந்த வீட்டு உப்பு என்றாள், செத்துப்போன தன் மாமியாரை இழுத்தாள், நான் இன்னும் சாகவில்லை என்றாள், பதினொரு வருஷம் சோறு போட்டேனே என்றாள். சோறு போட்டாளாம், கிண்டினது யார். போடாத உப்புக்கு நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன், மென்று முழுங்கினேன். லோரிஸ் வெளியே போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற சத்தம் கேட்டது, உள்ளே ஒரு சின்னத் தப்பு, இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள், என் மனைவிக்கு இன்னும் நம்ம பழக்கம் பிடிபடவில்லை, ஒயின் நம்ம கணக்கில். பதினொரு வருஷமாகப் பிடிபடவில்லை. அத்தனை களியும் கோழிக்குப் போக வாளியில் விழுந்தது, கோழியும் தின்னாது. அண்டாவைத் தேய்த்தேன், வேறு தண்ணீர் வைத்தேன், அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். கொதி வந்தது. பக்கத்தில் ஜாடி வந்து உட்கார்ந்த சத்தம். அவள்தான், மூடியைத் திறந்து என் முழங்கையருகில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை மறைத்து நின்றாள். அகலமான முதுகு, ஏப்ரன் முடிச்சு ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. "சீக்கிரம் போடு" என்றாள். அவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "யாராவது வர்றதுக்குள்ள போடு." திட்டுவது ஊருக்குக் கேட்க, கொடுப்பது எனக்கு மட்டும் கேட்க. வேண்டாம், நீங்களே போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், ரோஷமுள்ளவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். கையை விட்டேன். ஈரமான பெரிய பெரிய கல், கை நிறைய அள்ளிக் கொஞ்சம் திரும்பக் கொட்டினேன், போட்டேன், அவள் திரும்பாமலே மூடியை மூடி ஜாடியை மேலே வைத்தாள். கிண்டினேன். மறுபடியும் முதலிலிருந்து, வலப்பக்கமாக, தோள்பட்டை தனியே எங்கோ கிடப்பது போல.

எல்லாத் தட்டும் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தன. அவள் ஏப்ரனை மாற்றிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள், குழந்தையின் அம்மா எழுந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்ததைப் பரிமாறுகிற ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். "உப்பு சரியா இருந்துச்சாம்" என்றாள், பார்வை என்மேல் இல்லை, அண்டாவின் மேல். லோரிஸ் தட்டுகளோடு பின்னாலேயே வந்தான், உடனே குரல் பழையபடி ஏறிவிட்டது. "பாத்தியா, உப்புன்னா இப்படிப் போடணும்." அவள் வாயிலிருந்து இது வந்ததைக் கேட்டு எனக்குக் காது அடைத்தது. ஐஸ் துண்டு உருகி முழங்கை வழியே ஓடியது. லோரிஸ் தட்டுகளைத் தொட்டியில் வைத்துவிட்டு, சமாதானம் செய்கிறானாம், என் தோளைத் தட்டி, "அம்மாகிட்ட நல்லா கத்துக்கோ ஜெசி" என்றான். அண்டாவின் அடியைச் சுரண்டத் தொடங்கியிருந்த மாமியாரின் கை நின்றது. "நீ வாயை மூடு" என்றாள் அவனிடம். "அவ கையப் பாரு, வீங்கியிருக்கு. நீ வந்து இந்த அண்டாவத் தேய்." லோரிஸ் நான் என்ன செய்தேன் என்பதுபோல் என்னைப் பார்த்தான். பதினொரு வருஷத்தில் என் பொருட்டு அவன் தன் அம்மாவிடம் வாங்கின முதல் திட்டு அது. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவிடம் போனான். அவள் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்து, வீங்கின மணிக்கட்டைக் கேட்காமலே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.